கயிற்றில் ஏறிய கனம்

டம்ளரில் டீ ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

காற்று இல்லை. கிள்ளைக் கழிமுகத்தில் தை மாதத்துக் காலைத் தண்ணீர் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. படகின் நடுவில் ஆணியடித்திருந்த பலகைமேல் பிரிசில்லா வைத்த எவர்சில்வர் டம்ளரில், டீ இடப்பக்கம் விளிம்பைத் தொட்டுக்கொண்டும் வலப்பக்கம் அரை விரல் இறங்கியும் இருந்தது. அவளும் சார்லஸும் உட்கார்ந்திருந்ததோ வலப்பக்க பெஞ்சில். சாய்வதென்றால் படகு அவர்கள் பக்கம்தான் சாய வேண்டும்.

“என்னாங்க, படகு அந்தப் பக்கம் சாஞ்சிருக்குது பாருங்க.”

“அடியில மணல் தட்டியிருக்கும்” என்றார் சார்லஸ். டம்ளரைப் பார்க்காமலே சொன்னார்.

பிறகு எழுந்து, ஆழம் பார்க்க வைத்திருந்த மூங்கில் கழியை எடுத்து இடப்பக்கம் தண்ணீரில் விட்டார். கழி இறங்கியது. அவர் கை தண்ணீரைத் தொடும்வரை இறங்கியும் எதிலும் முட்டவில்லை. அதை உருவி உதறி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து டீயைக் குடித்தார்.

சார்லஸ் கடலூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். பிரிசில்லா டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டர். மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு இருவரும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார்கள். புதுச்சேரியை விட்டுச் சொந்த நாட்டுக்குப் புறப்பட்ட ஒரு வெள்ளைக்காரரிடம் இந்தச் சின்னப் பாய்மரப் படகை சார்லஸ் வாங்கி, பக்கவாட்டில் ‘விடிவெள்ளி’ என்று தன் கையாலேயே பெயர் எழுதியபோது உறவுக்காரர்கள் சிரித்தார்கள். பிரிசில்லா சிரிக்கவில்லை, பயந்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. ஆனால் முதல் கோடை முடிவதற்குள் அந்த வாழ்க்கை அவளைப் பிடித்துக்கொண்டது. காற்று தோதாக இருந்தால் கடலூர் முதுநகரிலிருந்து கிளம்பி, கரையைக் கண்ணில் வைத்துக்கொண்டே பரங்கிப்பேட்டை போவார்கள். அங்கே ஆற்றுக்குள் நங்கூரம் போட்டு, வழியில் வாங்கிய மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு, உள்ளே நீட்டிப் படுக்க மட்டும் இடமுள்ள அறையில் தூங்குவார்கள். வீட்டில் ஒருநாள்கூடப் பேசாத பேச்செல்லாம் அந்தப் படகில் பேசினார்கள்.

சின்னப் படகில் இரண்டு பேர் வாழ்ந்தால் ஒருவர் கனம் மற்றவருக்கு மனப்பாடமாகிவிடும். சார்லஸ் முன்பக்கம் போனால் மூக்கு தாழும். இடப்பக்கம் நின்றால் அவள் படுத்திருக்கும் பலகை லேசாக மேலே எழும். கண்ணை மூடிக்கொண்டே அவர் எங்கே நிற்கிறார், உட்கார்ந்திருக்கிறாரா குனிந்திருக்கிறாரா என்று அவளால் சொல்ல முடியும். வீட்டில் செருப்புச் சத்தத்தை வைத்து ஆளைக் கண்டுகொள்வதுபோலத்தான்.

அதனால்தான் இந்தச் சாய்வு அவளை இவ்வளவு தொந்தரவு செய்தது. இது மணலின் சாய்வு இல்லை. இது உட்கார்ந்திருக்கிற சாய்வு.

எப்போது தொடங்கியது என்றும் அவளுக்குத் தெரியும். பொங்கல் கழிந்த வாரம், பட்டப்பகல். தேவனாம்பட்டினத்துக்கு நேராக, சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகள் கரையில் வெள்ளைப் பொட்டுகளாய்த் தெரிகிற தூரத்தில் வந்துகொண்டிருந்தார்கள். தண்ணீரில் ஒரு தலையை முதலில் பார்த்தவள் பிரிசில்லாதான். ஒரு மனிதன் வெள்ளை பிளாஸ்டிக் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்தான். முடி முகத்தில் ஒட்டிக்கிடந்தது. கூப்பிடவுமில்லை, கையை ஆட்டவுமில்லை. சார்லஸ் பாயை இறக்கிவிட்டு இடப்பக்கமாகக் கயிற்றை வீசினார். தண்ணீரிலிருந்து ஒரு கை வந்து அதைப் பிடித்தது. கயிறு விறைத்து நின்றது. சார்லஸ் காலை உதைத்து இழுத்தார். பின்னாலிருந்து அவளும் இழுத்தாள். உள்ளங்கைத் தோல் உரியும் அளவுக்கு அந்தக் கயிற்றில் கனம் இருந்தது. தலை நெருங்கி வந்து, படகின் வயிற்றுப் பக்கம், அவர்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மறைந்தது. ஆள் தொற்றி ஏறும்போது தாழ்வதுபோலப் படகு இடப்பக்கம் ஆழமாகத் தாழ்ந்தது. சார்லஸ் குனிந்து கையை நீட்டினார்.

அங்கே யாருமில்லை. கயிற்றின் நுனி தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கேன் தூரத்தில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பொழுது சாயும்வரை அந்த இடத்தையே சுற்றிச் சுற்றித் தேடினார்கள். பிறகு தேவனாம்பட்டினத்தில் கரையேறிச் சொன்னார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்த அய்யனார் என்பவர் நாலைந்து பேரை விசாரித்துவிட்டு வந்தார்.

“எல்லாரும் வந்துட்டாங்கண்ணே. எங்கள்ள எவனும் பாக்கியில்ல. சுனாமிக்கு அப்பறம் நாங்க ஆள எண்ணாம ஒல வெக்கறதில்ல.”

பக்கத்து ஊர்களிலும் போன் போட்டுக் கேட்டார்கள். எந்த ஊரிலும் யாரும் குறையவில்லை. சார்லஸ் தன் இரண்டு உள்ளங்கைகளையும் அய்யனாரிடம் விரித்துக் காட்டினார். தோல் உரிந்து சிவந்திருந்த அந்தக் கைகளை அவர் பார்த்தார். பிறகு வலைக்குத் திரும்பினார்.

அன்றிலிருந்து படகு தாழ்ந்துதான் இருந்தது.

முதலில் பிரிசில்லா அதைத் தன் உடம்பு அலுப்பு என்று நினைத்தாள். பிறகு, அவர்கள் இருவரும் பின்பக்கம் உட்கார்ந்திருக்கும்போதே படகின் மூக்கு மெதுவாகத் தாழ்ந்து, சற்று நேரம் அப்படியே இருந்து, மறுபடி எழுவதை உணர்ந்தாள். உள்ளறையில் காலியாகக் கிடந்த இடப்பக்கப் படுக்கையின் மெத்தை எத்தனை வெயிலில் போட்டாலும் காயவில்லை; விரலை வைத்து நாக்கில் தொட்டால் உப்புக் கரித்தது; சேறும் அழுகிய பாசியுமான ஒரு வாடை உள்ளறையில் தங்கி, கற்பூரம் வைத்தும் போகவில்லை. டெலிபோன் ஆபீசில் எத்தனையோ வருஷம் காதில் கருவி மாட்டி உட்கார்ந்தவள் அவள். மறுமுனையில் ஒருவர் ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் லைனில் ஆள் இருக்கிறதா, வெறும் லைனா என்று அந்த மௌனமே அவளுக்குச் சொல்லிவிடும். படகில் இப்போது இருந்த மௌனம் வெறும் லைன் இல்லை.

டீ சாய்ந்து நின்ற அன்று இருட்டத் தொடங்கும் நேரம், கழிமுகத்தில் நண்டு பிடிக்கும் பொன்னி இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து ஓரமாக வந்து, படகை நோக்கிக் கூடையை உயர்த்திக் காட்டினாள். எப்போதும் கிட்டே நீந்தி வந்து படகைப் பிடித்துக்கொண்டு கதை பேசுகிறவள், அன்று வரவில்லை.

“அக்கா, ஒறமொற வந்திருக்காங்களா?”

“இல்லியே. ஏன்?”

“படகு ரொம்ப முங்கியிருக்குதே” என்றாள் பொன்னி. பிறகு படகின் இடப்பக்கத்தைப் பார்த்தாள். “நாளைக்கு வரேன்க்கா” என்று சொல்லிவிட்டு, நண்டை விற்காமலே திரும்பி நடந்தாள்.

பிரிசில்லா திரும்பினாள். சார்லஸ் இடப்பக்க பெஞ்சில் உட்கார்ந்து, சிக்கலாய்க் கிடந்த தூண்டில் நரம்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். பெஞ்சு முழுக்கக் காலியாக இருந்தும், அதன் ஓரத்தில், விழுந்துவிடுகிற மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம் விட்டு உட்காருவதுபோல.

“ஏன் அப்டி ஓரத்துல ஒக்காந்திருக்கீங்க?”

அவர் குனிந்து பார்த்தார். தான் எப்படி உட்கார்ந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

“தெரியலம்மா” என்றார். பிறகு, “அந்தப் பக்கம் ஜில்லுனு இருக்குது” என்றார்.

அதற்குப் பிறகு இருவரும் நடிக்கவில்லை. இருட்டில் அந்தச் சேற்றுக் கரையில் இறங்க முடியாது; விடிந்ததும் இறங்கிவிடுவது என்று முடிவு செய்தார்கள். கிள்ளையிலிருந்து பஸ் பிடித்து சிதம்பரம், அங்கிருந்து கடலூர் வீடு; படகைப் பிறகு யாரையாவது வைத்து எடுத்துக்கொள்ளலாம், எடுக்காமலும் விடலாம். துணிமணியைப் பைகளில் திணித்துக்கொண்டு, இரவு முழுவதும் வெளியே, வலப்பக்க பெஞ்சில், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார்கள்.

விடிந்தபோது பனி இறங்கியிருந்தது. கரையோரச் சுரபுன்னை மரங்கள் இல்லை. கரை இல்லை. படகின் மூக்குகூடப் பாதிதான் இருந்தது. வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டியது போன்ற அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்து ஈரச் சேற்றின் வாசமும், எங்கோ ஒரு நீர்க்காகம் சிறகு உதறும் சத்தமும் மட்டும் வந்தன. நீர்வற்றம் தொடங்கி, தண்ணீர் படகின் இரு பக்கமும் சலசலத்துக்கொண்டு கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

கரைக்குப் போய்வர அவர்களிடம் டிங்கி என்று சொல்லும் சின்னத் துடுப்புப் படகு ஒன்று இருந்தது.

“பைங்களோட ரெண்டு பேர டிங்கி தாங்காது” என்றார் சார்லஸ். “மொதல்ல இதுங்கள எறக்கிட்டு வந்துடறேன். கூப்பிடற தூரந்தான்.”

“பை கெடக்கட்டும்ங்க. நம்ப போயிடலாம்.”

“துணி, பணம், வீட்டுச் சாவி எல்லாம் அதுலதான இருக்குது. கம்முனு ஒக்காரு. பேசிக்கிட்டே போறேன்.”

அவர் டிங்கியில் இறங்கினார். கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். இரண்டு தடவை துடுப்பு போட்டிருப்பார். படகு நிமிர்ந்தது.

இத்தனை நாள் சாய்ந்திருந்த படகு, பெருமூச்சு விடுவதுபோல அசைந்து, நேராக நிமிர்ந்து நின்றது. பிரிசில்லாவின் உடம்பே லேசாயிற்று. போய்விட்டது. அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. பனிக்குள் நுழைந்துகொண்டிருந்த டிங்கியின் பின்பக்கம், யாருமில்லாத பின்பக்கம், தண்ணீர் விளிம்பைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

“என்னாங்க. வேகமாப் போங்க. பேசாதீங்க, போங்க.”

“என்னாம்மா?” என்ற குரல் வந்தது. டிங்கி மறைந்தது.

துடுப்புச் சத்தம். சளக். சளக். அவர் வாய்க்குள் ஏதோ பாட்டு. பிறகு சேற்றில் டிங்கியின் அடி தட்டும் சத்தம். பை விழும் சத்தம். இன்னொரு பை.

“பிரிசி, வந்துட்டேன். நல்லாத்தான் இருக்கேன்.”

அவள் அழுதாள். சத்தம் வராமல் அழுதாள்.

கொஞ்ச நேரம் எதுவுமில்லை. பிறகு கரையிலிருந்து வேறு மாதிரியான குரல்.

“பிரிசி. டிங்கியக் காணம்.”

“என்னா?”

“கரையில இழுத்துத்தான் போட்டேன். பைய வெச்சிட்டுத் திரும்பறேன், இல்ல. தண்ணி அதுவரைக்கும் ஏறவும் இல்லியே. நீ அங்கியே இரு. நான் யாரையாவது கூட்டியாறேன்.”

“எங்கியும் போவாதீங்க” என்றாள். “அங்கியே நில்லுங்க.”

வலப்பக்க பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். காதைத் தீட்டினாள். துடுப்புச் சத்தம் இல்லை. தண்ணீர் சலசலப்பு மட்டும். பிறகு அதற்குள்ளேயே இன்னொரு சலசலப்பு. ஒரு மரப்பலகை நீரைக் கிழித்து வரும் மெல்லிய ஓசை. அது வற்றத்தோடு கடலுக்குப் போகவில்லை. குறுக்கே வந்தது.

பனியிலிருந்து டிங்கியின் மூக்கு வெளியே வந்தது.

காலி. துடுப்பு இரண்டும் உள்ளே படுத்துக்கிடந்தன. உட்காரும் பலகை மட்டும் வளைந்து, அதைச் சுற்றி டிங்கி ஆழ முங்கியிருந்தது. நேராக வந்தது. அவசரமில்லாமல் வந்தது. படகின் இடப்பக்கம் தொட்டு நின்றது.

டிங்கி சட்டென்று மேலே எழுந்தது.

படகு தாழ்ந்தது.

ஒரு காலின் கனம். இன்னொரு காலின் கனம். அழுகிய பாசி வாடை. எதிர் பெஞ்சின் பலகை முனகியது. அதன்மேல் ஈரம் படர்ந்து, ஓரத்திலிருந்து சொட்டியது. பிறகு, இத்தனை நாள் போல இடப்பக்கம் சாயாமல், படகு சமமாக நின்றது. இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் சார்லஸும் எதிரெதிரே உட்கார்ந்தால் நிற்குமே, அந்த மாதிரி, ஒரு நூல் ஏறாமல் இறங்காமல்.

அவள் பார்வையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

முன்பக்கம் எங்கோ நங்கூரக் கயிறு உரசியது. நழுவியது. தண்ணீரில் விழுந்தது.

படகு நகர்ந்தது.

“என்னாங்க” என்று கூப்பிட்டாள். முகத்துவாரத்தின் இரைச்சல் கேட்கத் தொடங்கியது. பனி கிழிந்தது. கரை தெரிந்தது. சேற்றில் முழங்கால் வரை இறங்கி சார்லஸ் நின்றார். காலடியில் பைகள். அவளைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். வாயைத் திறந்தார்.

கை அப்படியே நின்றது.

அவர் இப்போது அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு எதிரே பார்த்தார். வாய் திறந்தபடி. பிறகு அவர் கண்கள் நகர்ந்தன. மெதுவாக. எதிர் பெஞ்சிலிருந்து, நடுப்பலகையைத் தாண்டி, அவள் இருக்கும் பக்கமாக.

படகு வலப்பக்கம் சாயத் தொடங்கியது.