ஷிபின் போட்ட பூட்டு

பிழைச் செய்தியின் கடைசி வரியில் ஷிபினின் பெயர் இருந்ததில் அதிசயமில்லை, அந்த ஆப்பை எழுதியதே அவன்தான். ஆனால் பெயருக்குப் பக்கத்தில் இன்றைய தேதி இருந்தது. அவன் கழக்கூட்டம் பைபாஸில் லாரியில் அடிபட்டுச் செத்து எட்டு மாதமாகிறது. கம்ப்யூட்டர் தன் தேதியைப் போட்டிருக்கும் என்று அவன் மனைவி ஜெயஷீலா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கண் தெரியாத அம்மாவுக்காக அவன் செய்தது அது. தினமும் மூன்று மணிக்கு, "அம்மா, ஒரு குளிகை" என்று அவன் குரலில் சொல்லும். ரத்னாபாய் இதய மாத்திரையை விழுங்குவாள். மூன்று நாள் முன்பு ஃபோன் அப்டேட் ஆனதிலிருந்து ஆப் ஊமை. அன்றிலிருந்து மாமியார் மாத்திரையைத் தொடவில்லை. ஜெயஷீலா கெஞ்சியும் பார்த்தாள், அதட்டியும் பார்த்தாள்.

"அவன் சொல்லட்டு மக்கா, நான் முழுங்குதேன்."

அதனால்தான் இந்த மத்தியானம் அவன் லேப்டாப்பின் முன் உட்கார்ந்திருந்தாள். இடவப்பாதிப் பருவமழை சன்னலை அறைந்துகொண்டிருந்தது. காயாத துணியின் புழுங்கல் வாடையும், உள்ளறையில் மாமியாரின் இருமலும், லேப்டாப் விசிறியின் இரைச்சலும் வீட்டை நிறைத்திருந்தன. ஆப்புக்கு வேண்டிய துணை நிரல்களை ஒவ்வொன்றாகப் புதுப்பித்தாள். ஒரு லைப்ரரி இன்னொன்றைக் கேட்டது, அது மூன்றாவதைக் கேட்டது. எல்லாம் ஒத்துவந்த பிறகும் நேரம் பார்க்கும் லைப்ரரி மட்டும் பழைய வெர்ஷனை விட்டு நகரவில்லை. எதற்கு எந்த வெர்ஷன் என்று பூட்டிவைக்கும் கோப்பைத் தேடினாள். பக்கத்திலேயே அவன் எழுதிவைத்த குறிப்பு.

"இந்தப் பூட்டை எடுக்காதே ஷீலா. புது வெர்ஷனுக்கு நிறுத்தத் தெரியாது."

செத்தும் அதிகாரமா என்று அழுகையோடு கோபம் வந்தது. எட்டு மாதமாக, அந்தக் குரலைத் தாங்க முடியாமல், மூன்று மணியானால் மொட்டைமாடிக்கு ஓடுகிறவள் அவள். கோப்பை அழித்தாள். சிவப்பு எழுத்தில் எச்சரிக்கைகள் ஓடின. படிக்காமலே, எதையும் மீறி இன்ஸ்டால் செய்யச் சொல்லும் ஃபோர்ஸ் கட்டளையை அடித்தாள். ஆபீசில் எல்லோரும் செய்வதுதான்.

நாற்பது சதவீதத்தில் இன்ஸ்டால் நின்றது. விசிறி நின்றது. மழைச் சத்தமும் இல்லை.

"அம்மா, ஒரு குளிகை."

உள்ளறையிலிருந்து.

மாமியாரின் ஃபோன் மேசைமேல் கிடந்தது. லேப்டாப்பில் செருகிய ஒயரோடு. திரை கருப்பாக.

"வந்திட்டியா மோனே," என்று ரத்னாபாய் சிரித்தாள். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு.

"ஒரு குளிகை."

ஜெயஷீலா ஒயரைப் பிடுங்கினாள். லேப்டாப்பை அணைத்தாள்.

"ஒரு குளிகை."

மாத்திரை அட்டைகள் அலமாரியில். சாவி இவள் இடுப்பில். ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள்.

மாமியார் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளை ஒட்டி, மெத்தையில், யாரோ உட்கார்ந்த பள்ளம்.

"போதும் ஷிபின்," என்றாள் ஜெயஷீலா.

"ஒரு குளிகை."

ரத்னாபாய் வாயில் இருந்ததை விழுங்கினாள். உதடு நீலம். முகம் நிறையச் சந்தோஷம். வெறுங்கையை அந்தப் பள்ளத்தின் பக்கம் நீட்டினாள்.

கையை மூடித் திறந்தபோது உள்ளங்கையில் இன்னொரு மாத்திரை இருந்தது.