செதில் சிலிர்த்த மீன்

தீனி போட்டும் மீன் திரும்பவில்லை. லீலா கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தாள். தொட்டியின் மூலையில் ஒருக்களித்துக் கிடந்த அந்தத் தங்கமீன், எதிரே கட்டிலில் படுத்திருந்த அவள் கணவன் சாம்சனையே பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு துண்டைத் தொங்கவிட்டாள். மீன் துண்டைப் பார்த்தது.

1991 ஐப்பசியின் மழை மண்ணூரை விடாமல் நனைத்துக்கொண்டிருந்தது. பொழுது சாயும்போதே கரண்ட் போய்விட்டது. தொட்டியின் காற்று மோட்டார் நின்றதும், அதன் இரைச்சலுக்குக் கீழே பதுங்கியிருந்த சத்தங்களெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன: ஓட்டிலிருந்து சொட்டும் நீர், ரோட்டில் சேற்றை அரைத்துப் போகும் லாரிகள், சாம்சனின் நெஞ்சுக்குள் களகளவென்று புரளும் மூச்சு.

கம்பெனியில் வேலை நிரந்தரமான அன்று அவன் பூந்தமல்லியிலிருந்து பாலிதீன் பையில் தூக்கிவந்த மீன் அது. இந்த வருஷம் ஈரல் கெட்டு அவன் வயிறு உப்பியது. பின்னாலேயே மீனின் வயிறும் உப்பியது. செதில்கள் அன்னாசிப்பழத்து முள்ளைப்போல் நிமிர்ந்து நின்றன. ஆஸ்பத்திரியில் அவனை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். கலர்மீன் கடைக்காரரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்.

"பொழைக்காதும்மா. வெச்சிக்கினு இருந்தா அதுக்குத்தான் வேதனை. கல்லுல ஒரே தட்டு. தெரியாமயே போய்டும்."

"லீலா," என்றான் சாம்சன்.

"இன்னாங்க? தண்ணி வேணுமா?"

"அந்த மீன இன்னா பண்றதா இருக்கே?"

"கர்த்தர் விட்ட வழி. அதுவா போவட்டும்."

"அதுவா போவாது. மூச்சுக்குத் தவிக்கிது, பாக்க முடியல. முடிச்சிடு."

அவன் மீனைப் பார்த்துச் சொல்லவில்லை. அவள் கைகளைப் பார்த்துச் சொன்னான்.

அவள் துண்டை உருவித் தண்ணீருக்குள் விட்டு மீனை அள்ளினாள். அது துள்ளவில்லை. நிமிர்ந்த செதில்கள் மட்டும் துணியைத் தாண்டி உள்ளங்கையில் குத்தின. கொல்லையில் துவைக்கிற கல்லின்மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, குழவியால் ஓங்கித் தட்டினாள்.

கண்ணைத் திறந்தாள். வாய் அசைந்தது. திறந்து. மூடி. திறந்து.

மறுபடி தட்டினாள். மறுபடியும். துணிக்குள் எலும்பு நொறுங்குவது கைக்குத் தெரிந்தது. அசைவு அடங்கியதும் முருங்கை மரத்தடிச் சேற்றைத் தோண்டிப் புதைத்தாள். மழைநீரில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி முகர்ந்தாள். மீன்வாடை இல்லை. தைலமும் வேர்வையும் புளித்த அந்த வாடை. சாம்சனின் படுக்கையில் வரும் வாடை.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பின்வாசற்படியில் கால் வைத்தாள்.

வீட்டுக்குள் மூச்சுச் சத்தம் இல்லை.

"இன்னாங்க?"

அரிக்கேன் விளக்கின் திரியைத் தூண்டினாள். கட்டில் காலியாக இருந்தது. எழுந்து உட்காரவே இரண்டு ஆள் வேண்டியிருந்த மனிதன். தலையணையின் பள்ளம் நிரம்ப ஈரம்.

விளக்கைத் திருப்பினாள்.

சாம்சன் தொட்டியின் முன்னால் முழந்தாளிட்டிருந்தான். கழுத்துவரை முகம் தண்ணீருக்குள் இருந்தது. கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். இமைக்கவில்லை. வாய் திறந்து மூடியது. ஒரு குமிழிகூட எழவில்லை.

"ஐயோ, ஆண்டவரே!"

தலைமுடியைப் பற்றி இழுத்து வெளியே போட்டாள். தரையில் விழுந்தவன் துடித்தான். வாயைப் பிளந்து பிளந்து காற்றை விழுங்கினான். காற்று அவனுக்கு உள்ளே இறங்கவில்லை. முகம் நீலமாகியது. விரல்கள் சிமெண்டுத் தரையைப் பிறாண்டின. சட்டை விலகிய வயிற்றில், தோல் சின்னச்சின்ன விளிம்புகளாகச் சிலிர்த்து எழுந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டைக் கூப்பிட வாயெடுத்தாள். அவன் கை தூக்கினான். வாசலைக் காட்டவில்லை. தொட்டியைக் காட்டினான். அந்தக் கண்களில் இருந்தது கெஞ்சல்.

அவள் குனிந்தாள். அவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். குழந்தையைக் குளிப்பாட்டுகிறவளைப்போலப் பிடரியை ஏந்தி, அவன் முகத்தைத் தண்ணீருக்குள் மெல்லத் தாழ்த்தினாள்.

துடிப்பு நின்றது.

கையை எடுக்கப் பயந்து, லீலா அப்படியே நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான்.