தரைத்தள வீட்டுக்கு இரண்டு விலை

சொல்லாமல் கொள்ளாமல், அதுவும் காலை ரொட்டி நேரத்தில், பெற்ற மகளே வந்து மணியடித்தாலும் பில்டோவனில் அது நல்ல செய்தியாக இருக்காது. அலைடா வெண்ணெய்க் கத்தியை வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள். அழுது வீங்கிய கண்களோடு மார்லூஸ் நின்றாள்.

"போச்சும்மா... அந்த வீடும் போச்சு!"

எந்த வீடு என்று அலைடாவுக்குத் தெரியாது. மணமுறிவுக்குப் பிறகு மார்லூஸ் சின்ன மகள் ஃபென்னாவோடு பக்கத்து நகரமான யூட்ரெக்டில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். கோடைக்குள் அதைக் காலி செய்தாக வேண்டும். வீடு தேடுகிறாள் என்பது வரைக்கும் தெரியும். எங்கே, என்ன விலைக்கு என்று கேட்பது மட்டும் இந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. பணப் பேச்சு எடுத்தால் மானம் போய்விடும் என்பதுபோல் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

"இங்கதாம்மா, ரயிலடிக்கு அந்தப் பக்கம். மூணு மாடிப் பழைய கட்டடம். லிஃப்ட் இல்ல, ஜன்னல்ல ஒத்தைக் கண்ணாடிதான், குளிர் தாங்காது, அதனாலதான் என் கைக்கு எட்டுற விலையில வந்துச்சு. தரைத்தளம். பின்னாடியே பீச் மரம்... தரகர் இப்பத்தான் சொன்னாரு, யாரோ ஒரு கிழவி என்னைவிட அதிகமா எழுதித் தட்டிட்டுப் போயிட்டாளாம்! இந்த வயசுல அவளுக்கு எதுக்கு அந்த வீடு?"

அலைடா அவளை மேசைக்கு அழைத்துவந்து கோப்பையில் காப்பி ஊற்றினாள். ரொட்டியின் மேல் சாக்லேட் துருவலைத் தூவிக்கொண்டிருந்த அவள் கணவர் ரூலோஃப், நிலைமை புரியாமல் சிரித்தார்.

"அந்தக் கிழவி இதோ உனக்குக் காப்பி ஊத்திட்டு நிக்கிறா!"

அந்த ஊரில் வீடு விற்கும் முறையை நினைத்தால் இப்படி நேர்வதில் வியப்பில்லை. ஏலம்தான், ஆனால் யாரும் யாரையும் பார்க்க முடியாது. பிடித்தவர்கள் ஆளுக்கு ஒரு தொகையை எழுதித் தரகருக்கு அனுப்ப வேண்டும், ஒரே ஒரு தடவை. எத்தனை பேர் கேட்டார்கள், மற்றவர்கள் எவ்வளவு எழுதினார்கள், ஒன்றும் தெரியாது. கைநழுவிவிடுமோ என்ற பயத்தில், விற்பவர் கேட்கும் விலைக்கு மேலேயே எழுதுவார்கள். அலைடாவும் அப்படித்தான் தன் அக்கா விட்டுப்போன பணத்தை நம்பி, தன் பெயரில் எழுதினாள். மார்லூஸும் எழுதினாள்.

"நீயா? உனக்கு முழுசா ஒரு வீடு இருக்கேம்மா! மேல அப்பாவோட பொம்மை ரயிலுக்கே ஒரு தளம்! இன்னும் உனக்கு என்ன குறை?"

"மார்லூஸ், நான்..."

"கல்யாணம் முறிஞ்சப்பவும் இப்படித்தான், வாயே திறக்கல நீ. சொந்தப் பொண்ணுகிட்ட இருந்து பிடுங்கிட்டியே!"

கதவு அறைந்து சாத்தப்பட்டது.

"இடுப்பைப் பத்திச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றார் ரூலோஃப்.

"சொன்னா குற்ற உணர்ச்சியில அவளே ஒதுங்கிடுவா. வேண்டாம்."

அவர்கள் குடியிருந்த வீட்டின் மாடிப்படி ஏணியைப்போல் செங்குத்தானது. குளியலறையும் படுக்கையும் மேலே. தேய்ந்துபோன இடுப்போடு அலைடா பல மாதங்களாகத் தவழ்ந்துதான் ஏறுகிறாள். தரைத்தளத்தில் ஒரு வீடு என்று ரூலோஃபைச் சம்மதிக்க வைக்கவே போதும் போதும் என்றாகிவிட்டது.

வாங்குபவருக்குச் சட்டம் ஒரு சலுகை தருகிறது. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகல் கைக்கு வந்ததிலிருந்து மூன்று நாள் யோசிக்கலாம். காரணம் சொல்லாமல் விலகலாம், அபராதம் கிடையாது. அலைடாவுக்கு நகல் வந்தது மகள் வருவதற்கு முந்தின நாள்தான். மகள் கோபித்துப்போன அன்று மதியமே தரகருக்கு இரண்டு வரி எழுதி விலகினாள். தான் விலகினால் வீடு மார்லூஸுக்குப் போகும் என்று நம்பினாள். இன்னும் யார் யார் கேட்டார்கள் என்று தரகரிடம் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். குடும்ப விஷயத்தை வெளியாளிடம் பேசுவதா என்ற கூச்சம் அவளைத் தடுத்தது.

பிறகு மகளின் அழைப்புக்காகக் காத்திருந்தாள். அழைப்பு வரவில்லை. ஒரு வாரம் பொறுத்துத் தரகரைக் கூப்பிட்டாள்.

"வித்தாச்சும்மா. ரெண்டாவதா எழுதியிருந்த ஒரு இளம் தம்பதிக்கு."

மார்லூஸ் மூன்றாவது.

அலைடா அழவில்லை. அழுக்குத் துணியை எடுத்து இயந்திரத்தில் போட்டாள். பொறுக்க முடியாமல் ரூலோஃப்தான் மகளுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் கொட்டினார்.

மார்லூஸ் ஓடிவந்தபோது அலைடா பாதிப் படியில் இருந்தாள். துவைத்த துணிக்கூடையை மேல்படியில் தள்ளிவைத்து, இரண்டு கைகளையும் ஊன்றி, வலது காலை இழுத்து...

"அம்மா! எத்தனை நாளா இப்படி?"

"துணி ஈரமா இருக்கு, அதான் கொஞ்சம் கனம்..."

"பொய் சொல்லாத! உனக்குத்தாம்மா அந்த வீடு வேணும். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அலைடா திரும்பிப் படியில் உட்கார, மார்லூஸ் அவளுக்குக் கீழ்ப்படியில் சரிந்து அம்மாவின் முழங்காலில் முகம் புதைத்தாள். "கிழவின்னு சொன்னேனே... பிடுங்கிட்டியேன்னு சொன்னேனே..."

"கிழவிதானே நான்," என்று அவள் தலையைத் தடவினாள் அலைடா. பிறகு அந்தக் குடும்பத்தில் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டாள். "நீ எவ்வளவு எழுதின?"

மார்லூஸ் காதோடு சொன்னாள். அலைடா தன் தொகையைச் சொன்னாள். இருவரும் கலந்து பேசியிருந்தால் அலைடா அந்த விலையை எழுதியிருக்கவே வேண்டாம், இரண்டு தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை அக்காவின் பணத்திலிருந்து மகளுக்குக் கொடுத்திருந்தாலே போதும், மார்லூஸ் இரண்டாமவரைத் தாண்டியிருப்பாள். இந்த வீட்டை விற்று வேறொரு தரைத்தளம் தேட அலைடாவுக்கும் ரூலோஃபுக்கும் காலம் இருந்தது. அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே நேரத்தில் அது புரிந்தது. இருவரும் ஒருவரையொருவர் இறுக்கிக்கொண்டு குலுங்கி அழுதார்கள்.

கீழே ரூலோஃப் மூன்று கோப்பைக் காப்பியோடு நின்றார். மேலே ஏற வழியில்லை. வழி விடுங்கள் என்று கேட்கவும் அவருக்கு மனம் வரவில்லை.