இரண்டிலிருந்து ஐந்து வரை

வாளியில் வந்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

அரெத்தி மணிக்கட்டு வரை கையை விட்டுப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடியும் விட்டாள். ஆகஸ்ட் வெயிலில் முற்றத்துக் கல் சுடும், சுவர் சுடும், கதவின் தாழ்ப்பாளைத் தொட முடியாது. ஆனால் வீட்டுக்கு அடியில் பாறையைக் குடைந்து கட்டிய மழைத்தொட்டிக்குள் வெயில் எப்படிப் போகும்? முந்தைய இரண்டு தீவுகளிலும் தொட்டித் தண்ணீர் பல் கூசும்படி குளிர்ந்திருந்தது. இது காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டதுபோல் இருந்தது.

"மூடியில வெயில் அடிக்குதுல்ல, அதான்" என்றான் பனாயிஸ். அவள் கணவன், லிஃப்ட் மெக்கானிக். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாமல் அதைத் தாண்டிப் போக முடியாதவன். "ஆனா அடிவரைக்கும் சூடாகக் கூடாதே" என்று தனக்குத் தானே மறுப்பும் சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்து முற்றத்தின் நடுவே நிறுத்தி விளக்க ஆரம்பித்தான். கூரை பார்க்கத் தட்டையாக இருக்கும், ஆனால் ஒரு மூலைக்கு இரண்டு விரல் சாய்வு உண்டு. மழைக்காலத்துக்கு முன்னால் வெள்ளையடிப்பது அழகுக்காக மட்டுமில்லை, சுண்ணாம்பு தண்ணீரைச் சுத்தமாக வைக்கும். சாய்வில் ஓடிவரும் மழை மண்குழாய் வழியே தொட்டிக்குள் இறங்கும். தொட்டி கூஜா மாதிரி: கழுத்து ஒரு ஆள் நுழையும் அளவு, வயிறு ஒரு அறை அளவு. குறுகிய கழுத்தில் வெளிச்சம் அதிகம் போகாது. வெளிச்சம் போகாவிட்டால் பாசி பிடிக்காது. குளிர்காலத்து மழையைக் கோடை முழுக்கக் குடிக்கலாம்.

"எவ்வளவு அருமையான ஏற்பாடு."

"குளிக்கலாமா வேண்டாமா? அதை மட்டும் சொல்லு."

பதினோரு வருடமாக இப்படித்தான். கல்யாண விருந்தில் கேக் வெட்டும்போதுகூட மாவு ஏன் உப்புகிறது என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். கப்பலில் தீவு தீவாகப் போகும் இந்தப் பத்து நாள் பயணத்துக்கு அவள்தான் ஏற்பாடு செய்தாள். பிரேயுஸ் துறைமுகத்தில் ஏறும்போதே சொல்லிவிட்டாள்: "பத்து நாள் வாயை மூடிக்கிட்டு என்கூட சும்மா கடலைப் பாரு. உன்னால முடியலேன்னா திரும்பும்போது தனித்தனியாத் திரும்புவோம்." அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. இரண்டாவது தீவில்தான், அவன் துணிகளுக்கு அடியில் கருவிப்பையை ஒளித்துக் கொண்டு வந்திருப்பதைக் கண்டுபிடித்தாள்.

இது மூன்றாவது தீவு, அனேரோ. வீட்டை வாடகைக்கு விட்ட கிரா ரூசா, அதாவது ரூசா அம்மா, ஐம்பது வயதுக்காரி, சிகரெட்டை வாயிலிருந்து எடுக்காமலே பேசுபவள். சாவியைக் கொடுக்கும்போது, "ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் சத்தம் கூடாது, பொண்ணே" என்றாள்.

"தெரியும், கிரா ரூசா." அந்த மத்தியான மூன்று மணி நேரம் அரெத்தியின் ஊரிலும் யாரும் யார் கதவையும் தட்டமாட்டார்கள்.

"இங்க இன்னொண்ணும் உண்டு. அந்த நேரத்துல யாராவது பேரச் சொல்லிக் கூப்பிட்டா, முதல் தடவைக்கு வாயத் திறக்காதீங்க. ரெண்டாவது தடவையும் கூப்பிட்டா, மனுஷன். அதுக்கு ஒரு தடவைதான் கூப்பிட வரும்."

"எதுக்கு?"

ரூசா சாம்பலைத் தட்டினாள். "அதுக்கு."

"எனக்குக் கவலையே இல்ல" என்றான் பனாயிஸ். "இவ கூப்பிட்டா நான் பத்தாவது தடவைக்குத்தான் காதே குடுப்பேன்."

"அப்போ நீ நூறு வயசு இருப்ப, புள்ள" என்று சொல்லிவிட்டு ரூசா படியிறங்கினாள்.

முதல் நாள் மத்தியானம் இரண்டரை மணிக்கு ஊரே ஜன்னல் பலகைகளைச் சாத்தியிருந்தது. அரெத்திக்குத் தூக்கம் வரவில்லை. பலகை இடுக்கு வழியே விழுந்த வெயில் கோடுகள் படுக்கையின்மேல் நகர்வதைப் பார்த்தபடி, அத்திமரத்தில் சிள்வண்டுகள் ஒரே மூச்சாகக் கத்துவதையும், துறையில் ஏதோ படகின் கயிறு இழுபட்டு முனகுவதையும், பக்கத்தில் பனாயிஸ் மெல்லக் குறட்டை விடுவதையும் கேட்டபடி கிடந்தாள். சிள்வண்டுகள் நின்றன.

"அரெத்தி."

முற்றத்திலிருந்து. பனாயிஸின் குரல்.

அவள் பக்கத்தில் பார்த்தாள். அவன் வாய் மூடியிருந்தது. குறட்டை தொடர்ந்தது. நாக்கை மேலண்ணத்தில் அழுத்திக்கொண்டு, இரண்டாவது அழைப்புக்காக அவள் காத்திருந்தாள். ஐந்து மணி வரை காத்திருந்தாள். வரவில்லை.

மறுநாள் காலை தக்காளியும் காய்ந்த ரொட்டியும் தின்றபடி அவன் விளக்கினான். "தூக்கத்துல உளறியிருப்பேன். அது ஜன்னல் வழியா போயி, தொட்டிக் கழுத்துல இறங்கி, வயித்துல ஒரு சுத்து சுத்திட்டு மேல வந்திருக்கும். எதிரொலி. தண்ணி ஏன் சுடுதுன்னும் யோசிச்சேன். பின்பக்கம் ரொட்டிக்கடை. அடுப்பு நம்ம தொட்டிச் சுவரை ஒட்டி இருக்கும். இறங்கிப் பார்த்தா ரெண்டும் தெரிஞ்சிடும்."

"வேண்டாம்."

"அஞ்சே நிமிஷம். ரூசா முழிச்சிருந்தா விடமாட்டா. மத்தியானம் பார்ப்போம்."

அவள் இன்னும் ஒருமுறை மறுத்திருக்கலாம். ஆனால் அது எதிரொலிதான் என்று யாராவது நிரூபித்துச் சொன்னால் போதும் என்று அவளுக்கும் இருந்தது.

இரண்டே கால் மணிக்கு அவன் தொட்டியின் மரமூடியைத் தள்ளிவைத்தான். தொட்டி வாயின்மேல் வளைந்திருந்த இரும்பில் தொங்கிய கப்பியிலிருந்து வாளியைக் கழற்றிவிட்டு, சுவரிலிருந்த வளையத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, டார்ச்சை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினான். கழுத்துப் பகுதியில் கால் வைக்கக் குழிகள் இருந்தன. அதற்குக் கீழே கயிறு மட்டும்தான். தண்ணீரில் அவன் கால் பட்ட சத்தம், பிறகு இடுப்பு பட்ட சத்தம். சூடான ஈரக் காற்று அவள் முகத்தில் அடித்தது. அதில் பாசி வாசனை இல்லை. தூங்கி எழுந்தவன் வாயிலிருந்து வரும் வாசனை.

"இடுப்பளவு தண்ணி" என்றது கீழிருந்து அவன் குரல், தாழ்ந்து, சந்தோஷமாக. "பூச்சு அருமையா இருக்கு. ஓட்டுத்தூளைச் சுண்ணாம்புல கலந்து பூசுவாங்க. தண்ணி கசியாது. அடுப்புப் பக்கச் சுவர் சூடா இருக்கும்னு நெனச்சேன், ஆனா நாலு பக்கமும்..." தண்ணீரில் இரண்டு எட்டு வைத்த சத்தம். "அரெத்தி, சுவரு மெத்துன்னு இருக்கு."

"மேல வா."

"இரு, அழுத்தினா உள்ள போகுது. விட்டா திரும்பி வருது. இது எப்படின்னா..."

"பனாயிஸ்."

வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். பெண் குரல். அரெத்தியின் குரல்.

அரெத்தி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் கூப்பிடவில்லை.

"சொல்லு, கண்ணே" என்றான் கீழே பனாயிஸ்.

சிள்வண்டுகள் நின்றன. கீழே டார்ச் வெளிச்சம் அணைந்தது.

"அரெத்தி? நீ எங்கிருந்து பேசுற? அரெத்தி, கயித்தைப் பிடி, நான் ஏறுறேன்."

அவள் கயிற்றைப் பிடிக்கப் போனாள். அதன்மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

படுக்கையறையிலிருந்து பனாயிஸ் வந்து நின்றிருந்தான். பனியன், கால்சட்டை. கன்னத்தில் தலையணை மடிப்பின் தழும்பு. ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவன் கயிற்றை மேலே இழுத்தான். நிதானமாக, சுற்றிச் சுற்றி, முழுவதும். கால்மாட்டில் வைத்தான்.

"அரெத்தி! கயிறு போயிடுச்சு. அரெத்தி!"

கீழே பார்த்தாள். இருட்டு. முகம் தெரியவில்லை. எதிரே பார்த்தாள். முகம் தெரிந்தது. பதினோரு வருடமாகத் தெரிந்த முகம்.

அது ஒரு தடவைதான் கூப்பிடும் என்றாள் ரூசா. கீழே இருப்பது நாலு தடவை கூப்பிட்டுவிட்டது. ஐந்து. ஆறு. எண்ணிக்கை அவளுக்குத் தெரிந்தது. ஆனால் கண்ணுக்கு எதிரில் இந்தக் கன்னம், இந்தத் தழும்பு. காதைவிடக் கண்ணை நம்பத்தான் அவளுக்குத் தெரியும்.

"அரெத்தி! அரெத்தி!"

மேல்வீட்டு ஜன்னல் பலகை ஒரு விரல் திறந்தது. தூக்கம் கலைந்த ஆண் குரல். "மணி மூணுகூட ஆகலம்மா. ஜனங்க தூங்குறாங்க."

"மன்னிச்சுக்குங்க" என்றாள் அரெத்தி. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சின்ன வயதிலிருந்து பழகிய வாய்.

பலகை மூடியது.

எதிரே நின்றவன் மரமூடியின் ஒரு பக்கத்தைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவள் மறுபக்கத்தைத் தூக்கினாள். வைத்தார்கள். அவன் அதன்மேல் உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினான்.

உட்கார்ந்தாள்.

மூடியின் பலகை இடுக்குகள் வழியே சூடான காற்று தொடையில் பட்டது. நின்றது. மறுபடி பட்டது. மூச்சு மாதிரி. அவன் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கூரைக்கு மேலே தெரிந்த ஒரு துண்டுக் கடலைப் பார்த்தான். பேசவில்லை. சும்மா பார்த்தான்.

கீழே கத்தல் நின்றது. கீழே இருப்பவன் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு குரல் இறங்கி, அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"அரெத்தி. நீ பயந்துட்டேன்னு தெரியுது. பரவால்ல. கேளு. காலு அடியில புதையுது, தண்ணி நெஞ்சு வரைக்கும் வந்துடுச்சு, ஆனா நேரம் இருக்கு. என்னை உன்னால நேரா இழுக்க முடியாது. தொங்குற கப்பி திசையைத்தான் மாத்தும், எடையைக் குறைக்காது. என் பைக்குள்ள இன்னொரு சின்னக் கப்பி இருக்கு. நீ திட்டுவியே, அந்தப் பை."

அவள் எழப் பார்த்தாள். இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கடலைப் பார்த்தபடி வாய்மூடி இருக்க பனாயிஸால் ஒருநாளும் முடியாது. மடியிலிருந்த கை அவள் கையை விடவில்லை. இறுக்கவும் இல்லை. பாறைக்குள் புதைத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். கத்த வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது.

பேசு என்று கீழே இருப்பவனை மனதுக்குள் வேண்டினாள். நிறுத்தாதே.

"கயித்தோட ஒரு முனையை மேல இரும்புல கட்டு" என்றது கீழிருந்து குரல். தண்ணீர் வாய்க்குள் போய்த் துப்பிய சத்தம். "நடுவுல அந்தச் சின்னக் கப்பியைக் கோத்து எங்கிட்ட இறக்கு. அதை நான் இடுப்புல மாட்டிக்கிறேன்."

பக்கத்தில் ஏதோ அசைந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் உதடுகள். சத்தமில்லாமல், ஒரு சொல் பின்தங்கி, அசைந்துகொண்டிருந்தன. கோத்து. எங்கிட்ட. இறக்கு.

"மறுமுனையைத் தொங்குற கப்பிமேல போட்டு நீ இழு. இப்ப என்னை ரெண்டு கயிறு தாங்குது. கப்பி என்கூடவே மேல வரும்."

உதடுகள் இப்போது பின்தங்கவில்லை. சேர்ந்தே அசைந்தன.

"அதனால என் எடையில பாதி மேல இரும்புக்குப் போயிடும், பாதி மட்டுந்தான்..."

கீழே தண்ணீர் ஒருமுறை சளக்கென்றது. பிறகு ஒன்றுமில்லை.

"...உன் கையில வரும், கண்ணே" என்று அவள் காதருகே முடித்தது, அதே குரல்.