மாமனாருக்குக் கொடுத்த குளிசை

பெண்சாதி காய்ச்சிய கஞ்சியைப் போத்தலில் அடைத்துக்கொண்டு, அதில் நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்க வந்தவன் எந்த முகத்தோடு கதிரையில் சாய்ந்து உட்காருவான்? டிலோஜன் விளிம்பில்தான் உட்கார்ந்தான்.

எதிரே இருந்தவர் டொக்டர் ஸஹ்றா. எந்த இரசாயனம் புற்றுநோயைக் கொண்டுவரும், உள்ளே போன மருந்தை ஈரல் எப்படி உடைக்கும் என்பதே அவருடைய ஆராய்ச்சி. அதற்காக மன்னார் நகரில் வீடெடுத்துத் தங்கியிருந்தார். பக்கத்தில் உதவியாளர் கீர்த்திகா, கேள்வி முடியுமுன் பதில் சொல்லத் துடிப்பவள்.

"அப்பாவுக்கு இழுப்பு, மூச்சு வாங்கிற வருத்தம். அதுக்குக் கனகாலமாக் குளிசை போடுறவர். இப்ப சாப்பிட்டதெல்லாம் சத்தி, நெஞ்சு படபடப்பு, போன கிழமை வலிப்பும் வந்திட்டுது. இரத்தத்திலை மருந்து கூடிப்போச்சு எண்டு ஆஸ்பத்திரியிலை சொல்லுகினம். குளிசை குடுக்கிறது என்ரை மனுசி பரமேஸ்வரி. மலையகத்தாலை வந்து குடியேறின குடும்பம். அவள்தான் அள்ளிக் குடுத்தவள், பொலிசுக்குப் போறன் எண்டு அக்கா நிக்கிறா."

"நீங்கள் என்ன நினைக்கிறீங்கள் தம்பி?"

அவன் கஞ்சிப் போத்தலை மேசையில் வைத்தான். அதுவே பதில் என்று அவனுக்கும் தெரியும். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கஞ்சியிலைதான் கலந்திருப்பா மெடம்!" என்றாள் கீர்த்திகா.

"முதல் ஆளைப் பாப்பம்," என்று ஸஹ்றா எழுந்தார்.

தாழ்வுபாடு என்ற கடற்கரைக் கிராமத்தில், டிலோஜனின் வீட்டு முற்றத்தில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. தகப்பன் இன்னாசிமுத்து விறாந்தையில் கற்கண்டு ஒன்றை வாயில் உருட்டியபடி இருந்தார். ஸஹ்றா அவருடைய வலக்கையைப் பிடித்தார். இரண்டு விரல்களின் நகங்களில் நுனிப்பக்கம் மட்டும் பழுப்பேறியிருந்தது, அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. கிழவர் கையை இழுத்துக்கொண்டார்.

"இந்தச் சத்தியும் படபடப்பும் எப்ப துவங்கினது?"

"தவக்காலத்துக்கை," என்றாள் அக்கா பெற்றிசியா. "வீட்டிலை மீன் மச்சமும் இல்லை. இவள் சமைக்கிற மரக்கறிதான். வேறை ஆர் நஞ்சு வைக்கிறது?"

குசினி வாசலில் நின்ற பரமேஸ்வரி தலைநிமிரவில்லை. குளிசையின் அளவு எப்போதாவது மாறியதா என்று ஸஹ்றா கேட்டபோது மட்டும் வாய்திறந்தாள்.

"நத்தார் பண்டிகைக்கு முன்னாடி கிளினிக்ல கூட்டினாங்க. அதுக்கப்புறம்தான் மாமாவுக்கு இழுப்பு அடங்குச்சு."

பெற்ற மகனுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

"அதுக்குப் பிறகு அளவு மாறேல்லை, ஆனா இரத்தத்திலை கூடியிருக்கு. அப்ப ஆரோ மேலதிகமாக் குடுத்திருக்கினம்!" என்றாள் கீர்த்திகா.

"இல்லாட்டி, மருந்து உடம்பை விட்டுப் போறது குறைஞ்சிருக்கு," என்ற ஸஹ்றா கிழவரிடம் திரும்பினார். "ஐயா, சுருட்டை எப்ப விட்டனீங்கள்?"

"அப்பா சுருட்டுப் பத்திறேல்லை!" என்று பெற்றிசியா சீறினாள்.

கிழவரின் முகம் கறுத்துப்போயிற்று.

"தவக்காலம் துவங்கின விபூதிப் புதனிலை," என்றார். "மீன் வாடிக்குப் பின்னாலை ஒளிச்சுப் பத்தினனான். இழுப்புக்காரன் பத்தினா ஏசுவினம் எண்டு கிளினிக்கிலை இல்லையெண்டு சொல்லிப்போட்டன்."

"விட்டதையாவது சொல்லியிருக்கலாமே?" என்றார் ஸஹ்றா.

"தவக்கால ஒறுத்தலை ஆரும் ஊருக்குச் சொல்லுவினமே? ஆண்டவருக்குத் தெரிஞ்சாக் காணும்."

ஸஹ்றா அமைதியாக விளக்கினார். "உங்கடை நகம் சொல்லிப்போட்டுது ஐயா. நுனியிலை சுருட்டுக்கறை, புதுசா வளர்ந்த பக்கம் சுத்தம். சுருட்டுப் புகைக்குள்ளை புற்றுநோய் தாற பொருள்கள் இருக்கு. அதுகளை உடைக்க ஈரல் கூடின வேகத்திலை வேலை செய்யும். அதே வேகத்திலை உங்கடை குளிசையையும் உடைச்சுத் தள்ளினது. அதாலைதான் பழைய அளவு காணாமக் கூட்டினவை. சுருட்டு நிண்டதும் ஈரலின்ரை வேகம் குறைஞ்சிட்டுது. அளவு குறையேல்லை, மருந்து இரத்தத்திலை தேங்கிப்போச்சு. கிளினிக்கிலை உண்மையைச் சொல்லுங்கோ, அளவைக் குறைப்பினம். சுருட்டை மட்டும் திரும்பத் தொடாதேங்கோ."

"அப்ப இவர் கொண்டுவந்த கஞ்சியைச் சோதிக்கத் தேவையில்லையே, மெடம்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் கீர்த்திகா.

பரமேஸ்வரி புருசனை ஒருமுறை பார்த்தாள். அழவில்லை, ஏசவில்லை. அழுதிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நிலம் பிளந்து தன்னை விழுங்காதா என்று நின்றான்.

பெற்றிசியா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். "என்ரை பிழைக்கு நீ பேச்சு வாங்கினாய் பிள்ளை," என்று முனகினார் கிழவர்.

"பசியோட இருக்கீங்க மாமா," என்று சொல்லிக் குசினிக்குப் போனவள் கோப்பையில் கஞ்சியோடு வந்தாள். அவரிடம் கொடுக்குமுன், எல்லாருக்கும் தெரியும்படி ஒரு கரண்டி அள்ளித் தான் குடித்தாள். விழுங்கிவிட்டுச் சற்று நேரம் அப்படியே நின்றாள். பிறகுதான் கோப்பையை நீட்டினாள்.

எத்தனை நாளாக இப்படிச் செய்கிறாள் என்று டிலோஜனுக்குத் தெரியாது.

"இனி அப்பிடிச் செய்யாதை பரமேஸ்," என்றான்.

"பழகிப்போச்சுங்க," என்றாள் அவள்.