ஆறிக்கொண்டே இருந்தது

கட்டைப் பிரித்தபோது சீழ் நாற்றம் இல்லை. அதுதான் யமுனாவை முதலில் உறுத்தியது. குவைத்தில் ஹோட்டல் அடுப்படியில் கொதிக்கும் எண்ணெய் கொட்டிக் கால் வெந்து திரும்பிய புருஷன் ஹரிபாபுவின் புண்ணை மாதக்கணக்காக அவள்தான் கழுவிக் கட்டுகிறாள். அந்த நாற்றம் சோற்றிலும் தலையணையிலும் ஏறிப் பழகியே போயிருந்தது. இன்றோ, புண்ணிலிருந்து பச்சைக் குழந்தையின் உச்சந்தலை வாசனை வந்தது.

திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவன் வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சியெடுத்து, அதிலிருந்து செல்களைப் பிரித்து, புண்ணைச் சுற்றி ஊசியால் இறக்கியிருந்தார்கள். "அவர் உடம்பே அவருக்கு மருந்தும்மா," என்றார் டாக்டர் நாகபூஷணம். "அந்தச் செல்லுங்க போய், ஆறாத இடத்தை ஆறச் சொல்லும்."

ஆறியது. பாலசமுத்திரம் ஊரே வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. புதுத்தோல் இளஞ்சிவப்பாக, ஒரு ரோமமும் இல்லாமல் மினுமினுத்தது. பிறகு, கால்விரல்களுக்கு நடுவே இருந்த இடைவெளிகளும் மூடிக்கொண்டன.

"வலிக்குதாய்யா?"

"இல்லமே. நல்லா நடந்துக்கினு தானே கீறேன்? இன்னாத்துக்குப் பயந்துக்கினு கீற?"

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். சில பேருக்குத் தழும்பு அப்படி வளரும் என்றார்கள்.

ஒருநாள் முதுகு தேய்க்கும்போது, சின்ன வயதில் அவனுக்குக் காது குத்திய ஓட்டைகளைக் காணோம். தொப்புள் இருந்த இடம் வழவழவென்றிருந்தது. சோப்பு நுரை வழிய அங்கே தடவித் தடவித் தேடினாள். கூச்சத்தில் ஹரிபாபு சிரித்தான். சிரித்த வாய் சிறுத்துத் தெரிந்தது.

"காலைல முதல் பஸ்ஸுக்கே திருப்பதி போய்டலாம்யா."

அவன் தலையாட்டினான்.

அன்று பொழுது சாய்கையில் மழை பிடித்தது. கரண்ட் போனது. அரிசி களைந்துகொண்டிருந்தவளுக்கு, உள்ளறையிலிருந்து ஈர மாவைப் பிசைவதுபோல மெத்தென்ற ஒரு சத்தம், நின்று நின்று, கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அவன் மூச்சும் கேட்கவில்லை.

போன் வெளிச்சத்தோடு ஓடினாள்.

கண்கள் விழித்திருந்தன. மூக்கு இருந்தது. துளைகள் இல்லை. வாய் இருந்த இடத்தில் இளஞ்சிவப்புத் தோல். அதற்கு அடியில் தாடை அசைந்தது. அவளைக் கூப்பிடுகிறான்.

காய் நறுக்கும் கத்தி. வாய் இருந்த இடத்தில் வைத்துக் கீறினாள். ரத்தம். காற்று உஸ்ஸென்று உள்ளே பாய்ந்தது.

"யமு..."

கீறலின் இரண்டு ஓரமும் ஒன்றையொன்று தேடி நகர்ந்தன.

சட்டென்று இரண்டு விரலை உள்ளே விட்டுப் பிடித்துக்கொண்டாள். அவன் மூச்சு விரல்களுக்கிடையே சுட்டது.

"ரங்கையாண்ணா! யாராச்சும் வாங்களேன்!"

மழை. பக்கத்து வீட்டுக் கதவு திறக்கவில்லை.

விரலை இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். அவன் தலையும் கூடவே வந்தது.

கீழே விழுந்த போனின் வெளிச்சத்தில், விரல் மூட்டுகளைத் தாண்டி, புறங்கையின் மேல், வலியே இல்லாமல், இளஞ்சிவப்பாக அந்தத் தோல் ஏறிக்கொண்டிருந்தது.