ஓரத்தில் ஒரு வெட்டு

"அண்ணே, நான் அடிச்ச வரி இது இல்லீங்க." டைப் அடிக்கும் ஜோசப்பின் ஒரு தாளை நீட்டினாள்.

ஹட்டன் கடைத்தெருவில் ரேடியோ திருத்தும் பத்திநாதன் அதை வாங்கி வாசித்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வலது கை நசுங்கிய பழனியாண்டியின் வாக்குமூலம். ரிஸ்வியின் டைப்பிங் கடைக் கம்ப்யூட்டரில் சனிக்கிழமை அவள் அடித்தது. 'இயந்திரத்தின் காப்புத் தகடு ஒரு வாரமாக இல்லை' என்ற வரியை அவனுக்கு வாசித்தும் காட்டியிருந்தாள். அதைச் சேமித்த பிளாப்பியைக் கடை மேசை லாச்சியில் வைத்துப் போனாள். இன்று செவ்வாய்க்கிழமை அச்சிட்டால், 'காப்புத் தகட்டை நானே கழற்றினேன்' என்றிருந்தது.

"நாளைக்கு விசாரணைங்க. இது போனா அவரு வேலை போயிரும். என்னையத்தான் சந்தேகப்படுறாரு."

வாசலில், கட்டுப் போட்ட கையோடு நின்ற பழனியாண்டி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"கடைச் சாவி யாருகிட்ட?"

"ரிஸ்வி நானாகிட்ட ஒன்னு. தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் லோரன்ஸ் ஐயாகிட்ட ஒன்னு. லீவு நாள்ல டைப் பழக வருவாரு."

"ரிஸ்வி நானாதான்!" என்றாள் பத்திநாதனோடு வேலை செய்யும் பூரணி. "தோட்டத்து டைப்பிங் பூரா அவருக்குத்தானே வருது."

"அவசரப்படாத. மொதல்ல மெஷினைக் கேப்போம்."

டைப்பிங் கடைத் திரையில் கோப்புகளின் பட்டியல் வந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கடைசியாகச் சேமித்த தேதி. எல்லாமே 1980 ஜனவரி 1.

"அப்ப இந்தக் கடையே இல்லையே!" என்றாள் பூரணி.

ஜோசப்பின் கூசினாள். "மெஷினைப் போட்டதும் தேதி, நேரம் கேக்கும். ஒரு நாளைக்கு நாலு தரம் கரண்ட் போகுது. யாருங்க ஒவ்வொரு தரமும் எழுதுறது? சும்மா என்டரைத் தட்டிருவேன்."

"நீங்க சொல்லாட்டி அதுவே எம்பதுன்னு வச்சுக்கும்." பத்திநாதன் ரசித்துச் சிரித்தார். பிறகு விரல் ஓரிடத்தில் நின்றது. வாக்குமூலத்துக்கு மட்டும் 1987, நேற்றைய தேதி, பகல் 11.10. நேற்று போயா, பௌர்ணமி விடுமுறை; கடை பூட்டு.

இரண்டு சாவிக்காரர்களையும் வரவழைத்தார்.

"ரிஸ்வி நானா, மெஷினைப் போடுங்க."

ரிஸ்வி கேள்வியைப் பார்க்காமலே இரண்டு தரம் தட்டினார். "இதுக்கா கடைக்காரனையே கூப்பிட்டீங்க?"

பத்திநாதன் அணைத்தார். "இப்ப ஐயா போடுங்க."

லோரன்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தேதியை அடித்தார். நேரத்தையும் நிமிடம் பிசகாமல் அடித்தார்.

"பதினெட்டு வருசமா விடிகாலப் பெரட்டுல ஆளுங்க பேரு பதிய செக்ரோலை விரிச்சதும் ஐயா மொதல்ல எழுதுறது தேதி. அது இல்லாம உங்க கை நகராது" என்றார் பத்திநாதன். "நேத்தும் நகரல."

லோரன்ஸ் கைக்கடிகாரத்தை மறுகையால் மூடினார். "தகடு இல்லைன்னு அவன் முன்னமே சொன்னான். நான் பதியல. தெரிஞ்சா என் வேலை போயிரும்."

"அதுக்கு அவரு வேலையா ஐயா?" என்றாள் ஜோசப்பின்.

அவள் வரியைத் திருத்திச் சேமித்து, பழனியாண்டிக்கு மறுபடி வாசித்தாள். அவன் தலையசைத்தான். "நாளைக்குள்ள திரும்ப மாத்தினா?"

பத்திநாதன் பிளாப்பியைத் தூக்கிக் காட்டினார். "ஓரத்துல இந்தச் சதுர வெட்டு இருக்கு பாருங்க. திறந்திருந்தா மெஷின் இதுல எழுதும். மூடியிருந்தா வாசிக்க மட்டும் செய்யும்."

வெட்டின் மேல் கறுப்பு நாடாவும், நாடாவின் மேல் வெள்ளைக் கடதாசியும் ஒட்டினார். பழனியாண்டி இடது பெருவிரலை மையில் தோய்த்து, கடதாசியிலும் பிளாப்பியிலும் பாதிப் பாதியாக விழும்படி பதித்தான்.

பூரணி ஒரு சொல்லை மாற்றிச் சேமிக்கப் பார்த்தாள். இயந்திரம் மறுத்தது.

"அவ்வளவுதான்" என்றார் பத்திநாதன். "வெட்டை மூடினா எழுத முடியாது. நாடாவை உரிச்சா ரேகை கிழியும்."